ஒப்பீட்டுப் புழுக்களின் சாப்பாடு

மெதுவாகத்தான் சொல்வேன். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் மேலதிகாரி முத்திரை சாரின் படுக்கையறை. அவர் இருமினால் எங்கள் வீட்டுத் தட்டுகள் அதிரும். நாங்கள் தும்மினால் மறுநாள் அப்பாவிடம், "யாருக்குப்பா சளி?" என்று கேட்பார். இப்போது சொல்லப்போவதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆனால் சொல்லாமல் இருந்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

எங்கள் அப்பாவுக்குப் புழுக்களுக்குச் சாப்பாடு போடும் வேலை. சிரிப்பதானால் சிரித்துவிடுங்கள். என் வகுப்பில் எல்லாரும் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள். "உங்கப்பா புழுவுக்கு ஊட்டிட்டு, ஏப்பம் வர்ற வரைக்கும் முதுகுல தட்டுவாராமேடி?" என்பார்கள். தட்டமாட்டார். புழுவைக் கையால் தொடவே கூடாது. மெல்லிய தூரிகையால்தான் எடுக்க வேண்டும். என்னைக் குழந்தையில் அப்படி யாரும் தூக்கியதாகத் தெரியவில்லை.

பயிர்ப் பூச்சி ஆய்வு நிலையத்தில் புழு அறை என்று ஒன்று இருக்கிறது. முட்டைக்கோஸ் இலையைத் தின்னும் பச்சைப் புழுக்களை அங்கே வளர்க்கிறார்கள். ஊரெல்லாம் கொல்லத் தேடுகிற புழுவுக்கு இங்கே குளிர்சாதனம். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், கை கழுவ வேண்டும், தலைக்கு வலை மாட்ட வேண்டும். கதவில் ஒரு பலகை: "புழுக்கள் உண்கின்றன. அமைதி காக்கவும்." ஒரு முறை மேலிடத்திலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் உள்ளே தும்மிவிட்டார். அதற்குப் பிறகு புழுக்கள் சாப்பாட்டைக் குறைத்தனவா என்று விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். குழு மூன்று முறை கூடி, தும்மலுக்கு வருந்தியது. மின்சாரம் போனால் புழு அறைக்கு மட்டும் ஜெனரேட்டர் ஓடும். ஊழியர் குடியிருப்பில் நாங்கள் நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

"அடுத்த பிறவின்னு ஒண்ணு இருந்தா, உங்கப்பா கையால திங்கற புழுவா பொறக்கணும்டி" என்பாள் அம்மா.

அந்த அறையில் இரண்டு கூட்டம். ஒரு பக்கம் சோதனைப் புழுக்கள். நிலையத்து வயலில் விளையும் முட்டைக்கோஸ்தான் அவற்றுக்கு. வயலுக்குத் தண்ணீர் தருவது வாய்க்கால். வாய்க்காலுக்கு மேலே, பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் ஆலை. ஆலையின் ஈயமும் காட்மியமும் வாய்க்காலில் இறங்கும். அங்கிருந்து மண், மண்ணிலிருந்து இலை, இலையிலிருந்து புழுவின் வயிறு. தின்ற புழுவுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

இன்னொரு பக்கம் ஒப்பீட்டுப் புழுக்கள். சுத்தமான இலை தின்னும் புழுக்களும் பக்கத்தில் இருந்தால்தானே, இது இளைத்திருக்கிறது, அது கொழுத்திருக்கிறது என்று சொல்ல முடியும்? அதற்காக எங்கோ இருக்கும் மலையிலிருந்து குளிர்பெட்டி வண்டியில் முட்டைக்கோஸ் வரும். ஈயம் பார்த்திராத மண், ஈயம் பார்த்திராத தண்ணீர். வண்டி வரும்போது வாயில் காவலர் எழுந்து நிற்பார்.

சோதனைப் புழுக்கள் தின்றது போக மீதமாகும் வயல் முட்டைக்கோஸ் குடியிருப்புக் கடைக்கு வரும். ஊழியர் நலத் திட்டம். பாதி விலை. வெளியே சந்தைக்குப் போனாலும் அதே வாய்க்கால் காய்தான். விலைதான் முழுசாக இருக்கும்.

பூசணி என் தங்கை. பிறந்தபோது அவ்வளவு உருண்டையாம். பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டு, "என்னடி, பூசணிக்காயைப் பெத்து வெச்சிருக்கே!" என்றாராம். பெயர் ஒட்டிக்கொண்டது, உடம்பு ஒட்டவில்லை. ஆறு வயதாகிறது. அவள் நடந்து வந்தால் சட்டை மட்டும் தனியாக வருகிற மாதிரி இருக்கும். தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வயிறு வலிக்கிறது என்பாள். காலையில் சொல்லிக்கொடுத்த பாட்டு சாயங்காலம் மறந்துபோகும். மருத்துவமனையில் டானிக் எழுதிக் கொடுத்து, "நல்லா சாப்பிட வைங்கம்மா, தானா வளந்துடுவா" என்றார்கள்.

"அது தெரியாமத்தான் வரிசையில நின்னு சீட்டு வாங்கினேனாக்கும்" என்று அம்மா வழி முழுக்கப் பொருமிக்கொண்டே வந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து, கைகூடக் கழுவாமல் பூசணியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் ஒரு வாய் தின்றாள். தட்டைத் தள்ளினாள். மூலைக்குப் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க?"

"அதே மாதிரி இருக்குடி."

"எது மாதிரி?"

"என் புழு மாதிரி." அப்பாவின் குரல் இறங்கிப்போனது. "சோதனைப் பக்கத்துப் புழு இப்படித்தான். மொதல்ல நல்லா திங்கும். அப்புறம் ஓரத்தைக் கடிச்சுட்டு, இலையை விட்டு எறங்கி மூலைக்குப் போயிடும். அந்தப் பக்கத்துக் கூண்டுல இருக்கறதும் அதே வயசுதான். இதைப்போல மூணு மடங்கு இருக்கு."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அடுப்பில் முட்டைக்கோஸ் கொதித்துக்கொண்டிருந்தது. நானும் பிறந்ததிலிருந்து அதைத்தான் தின்கிறேன். என்னைப் பற்றி நான் நினைத்துக்கொள்வதில்லை.

நிலையத்தில் அந்த மாதம்தான் பெரிய விழா. சோதனைப் புழுக்கள் தின்பதில்லை, வளர்வதில்லை, கூட்டுப்புழு ஆவதற்கே தடுமாறுகின்றன என்று தெரிந்துவிட்டது. அதனால் விவசாயிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பெரிய டாக்டர் பேசினார். அவர்தான் நிலையத்துக்குத் தலைவர். டாக்டர் என்றதும் பூசணியைக் காட்டலாமா என்று அம்மா ஒரு முறை கேட்டாள். "அவர் புழு டாக்டர்டி" என்றார் அப்பா. "புழுவுக்கு மருந்து குடுப்பாரா?" என்றாள் அம்மா. "குடுப்பார், சாகறதுக்கு" என்றார் அப்பா.

பெரிய டாக்டர் மேடையில் சொன்னது இதுதான்:

"புழு ஏன் தின்னவில்லை என்று கேட்பவன் மாணவன். தின்னவில்லையே என்று மகிழ்பவன் விஞ்ஞானி. இத்தனை காலம் மருந்தடித்தோம். புழு செத்ததா? அடித்தவர்தான் மயங்கி விழுந்தார். இனி ஒரு சொட்டு மருந்து வேண்டாம். இந்த அரங்கத்துக்குக் குளிர்சாதனமும் ஒலிபெருக்கியும் தந்த ஆலை நிர்வாகம், நம் வாய்க்காலுக்கும் தாராளமாகத் தந்துகொண்டிருக்கிறது. அதன் பலன், ஓட்டையே இல்லாத இலை!"

கைதட்டல் அடங்கியதும் ஒரு விவசாயி எழுந்தார். "ஐயா, புழுவே வேண்டாம்னு போற இலைய நாங்க தின்னா ஒண்ணும் ஆகாதுங்களா?"

"நல்ல கேள்வி. நீங்கள் இலை தின்னும் பூச்சி இனமா?"

"இல்லீங்க."

"அப்படியானால் அது எங்கள் துறை அல்ல" என்றார் பெரிய டாக்டர். அதற்கும் கைதட்டினார்கள். கேட்டவரும் தட்டினார். எல்லாரும் தட்டும்போது சும்மா இருந்தால் நன்றாக இருக்காது.

மறுநாள் அப்பா முத்திரை சாரிடம் போனார். அவர் புழு அறைக் கண்காணிப்பாளர். தேநீர்க் குடுவையில்கூட முத்திரை குத்தி வைத்திருப்பார், அதனால் அந்தப் பெயர். நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன், வாசலில் நின்று கேட்டேன்.

"ஐயா, மலை முட்டைக்கோஸ்ல வெளி இலைய உரிச்சு வீசிடறோம். அதை மட்டும் என் சின்னப் பொண்ணுக்கு எடுத்துக்கட்டுங்களா?"

"வீசறோம்னு யாருப்பா சொன்னா? எரிக்கறோம். விதிப்படி."

"எரிக்கறதுதானேங்க…"

"புழுவோட சோத்துல கைவைக்கறேங்கறியா? மனசாட்சி இருக்கா உனக்கு? ஒப்பீட்டுக் கூட்டத்துல இருக்கறவங்களுக்குத்தான் அந்த இலை. விளங்குதா?"

அப்பா கையைக் கூப்பினார். "அப்ப அவளையும் அதுல சேத்துக்குங்க ஐயா" என்றார். கெஞ்சலாகத்தான் சொன்னார். ஆனால் இந்த நிலையத்தில் எதையும் முடியாது என்று யாரும் சொல்லிவிடமாட்டார்கள். முடியாது என்று சொல்வதற்குக் குழு கூட வேண்டும்.

குழு கூடியது. பூசணிக்குத் தலை வாரி, இருப்பதில் சின்னச் சட்டையாகப் பார்த்துப் போட்டு அம்மா அனுப்பினாள். நானும் அப்பாவும் கூட்டிப்போனோம். மூன்று பேருக்கும் தலைக்கு வலை மாட்டினார்கள். பூசணியின் வலை மூக்கு வரை இறங்கியது. மேசைக்கு அந்தப் பக்கம் பெரிய டாக்டர், முத்திரை சார், புழுக்களை எடை போடும் கண்ணாடி மேடம்.

"விண்ணப்பதாரர் எத்தனை முறை தோல் உரிச்சிருக்கார்?" என்றார் முத்திரை சார்.

"புழு இல்லீங்க, என் பொண்ணு."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுப்பா. தோல் உரிக்கற கணக்கை வெச்சுத்தானே வளர்ச்சிய அளப்போம்?"

அப்பா உண்மையாகவே யோசித்தார். "போன வெயில்ல முதுகுல கொஞ்சம் உரிஞ்சுதுங்க."

"ஒரு முறை" என்று எழுதிக்கொண்டார். "வயசுக்குக் குறைவுதான்."

பிறகு எடை. புழு எடை போடும் தராசு, மூச்சுவிட்டால்கூட முள் ஆடும் என்பார் அப்பா. அதில் பூசணி ஏற முடியுமா? சுண்டுவிரலை மட்டும் வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். தராசு கீச்சென்று கத்திவிட்டு, சிவப்பு விளக்கைப் போட்டது.

"வரம்புக்கு மேல எடை" என்று படித்தார் முத்திரை சார். "ஐயா, வளர்ச்சிக் குறைபாடு எதுவும் இல்லை. ஊட்டம் கொஞ்சம் அதிகம்தான்."

பூசணிக்குப் பெருமை தாங்கவில்லை. அவளை யாரும் அப்படிச் சொன்னதே இல்லை.

"சார், குழந்தையோட ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு நம்ம கருவியில பாத்துடலாமே" என்றார் கண்ணாடி மேடம், மேசையைப் பார்த்துக்கொண்டே.

"என்ன மேடம் நீங்க! அது புழு ரத்தத்துக்கு வாங்கின கருவி. புழு ரத்தம் பச்சை. இந்தப் பொண்ணுது சிவப்பு. ஊத்தி வீணாப் போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நாங்கள் வெளியே வரும்வரை துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பெரிய டாக்டர் கேட்டார். "பொறந்ததுலேருந்து இவளுக்கு எந்த இலை?"

"கடை இலைதாங்க. நீங்க பாதி விலைக்குக் குடுக்கறது."

"பாத்தியா! ஒப்பீட்டுக் கூட்டம்னா முட்டையிலேருந்தே சுத்தமா இருக்கணும்ப்பா. உன் பொண்ணு இத்தனை வருஷமா சோதனைக் கூட்டத்துல இருக்கா. சோதனை நடக்கறப்ப நடுவுல இலைய மாத்தினா அது அறிவியலுக்குச் செய்யற துரோகம்."

"அப்ப நான் என்னங்க பண்ணட்டும்?"

"அதையே குடு. ஒரு வேளைகூட விட்டுடாதே."

வெளியே வந்ததும் பூசணி என் கையை இழுத்தாள். "அக்கா, நான் பாஸா?"

"பாஸ்தான்" என்றேன்.

மறுநாளிலிருந்து அப்பாவின் தூக்குவாளி கனத்து வந்தது. எரிக்கப் போகிற இலையை முத்திரை சார் எடை போட்டுத்தான் நெருப்பில் போடுவார், அதில் கைவைக்க முடியாது. அதனால் புழுக்களின் பங்கிலிருந்து எடுத்தார். ஒவ்வொரு ஒப்பீட்டுக் கூண்டிலிருந்தும் ஒரு கிள்ளு. கிள்ளின இலையை நனைந்த துணியில் சுற்றி, வாளியின் அடியில் வைத்து, மேலே காலித் தட்டுகளை அடுக்கிக் கொண்டுவருவார். அவர் வாயில் காவலரைத் தாண்டி வரும்வரை நான் சன்னலை விட்டு நகரமாட்டேன். வாளி வீட்டுக்குள் வந்ததும் அம்மா கதவைச் சாத்துவாள், வதக்கினால் வாசனை சுவரைத் தாண்டிப் போகுமென்று உப்பு மட்டும் போட்டு வேகவைப்பாள்.

முதலில் பூசணி அதையும் தள்ளினாள். போகப்போகத் தள்ளுவதற்கு முன்னால் இரண்டு வாய் தின்றாள். அப்புறம் நான்கு. ஒரு நாள், முன்பு மறந்துபோன பாட்டை முழுசாகப் பாடிவிட்டு, எதுவுமே நடக்காதது போல விளையாடப் போய்விட்டாள். இன்னொரு நாள் என் முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டாள். நான் திருப்பி அடித்தேன். வழக்கமாக ஓடிவந்து என்னைத் திட்டுகிற அம்மா, சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று அந்தக் கூச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் ஈரம்.

அப்பாதான் இளைத்துக்கொண்டு வந்தார். "ஒப்பீட்டுப் புழுவெல்லாம் கூண்டுச் சுவத்துல ஏறி, தலையத் தூக்கித் தூக்கிப் பாக்குதுடி. பசிச்சா அப்படித்தான் தேடும். வாயில்லா ஜீவனோட வயித்துல அடிக்கறேன்."

"வாய் இருக்கற ஜீவன் ஒண்ணு வீட்டுல இருக்கு. அதப் பாருங்க" என்றாள் அம்மா.

பார்த்தார். ஆனால் தராசும் பார்த்தது. அந்தப் பருவத்துக் கடைசி எடையில் ஒப்பீட்டுப் புழுவும் சோதனைப் புழுவும் ஒரே மாதிரி, அதுவும் நோஞ்சான். ஒன்று ஈயத்தால், ஒன்று பட்டினியால். தராசுக்கு அது தெரியாது.

நிலையம் பதறிப்போகும் என்று நினைத்தோம். மறுபடி விழா வைத்தார்கள். ஆலையிலிருந்தும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய டாக்டர் பேசினார்:

"ஆலைக் கழிவால் புழுவின் உணவிலோ வளர்ச்சியிலோ எந்த வேறுபாடும் இல்லை என்று நிரூபித்துவிட்டோம். ஒரு புழுவையே ஒன்றும் செய்யாதது மனிதனை என்ன செய்யும்? போன விழாவில் வேறு மாதிரி சொன்னீர்களே என்று சிலர் கேட்கலாம். போன விழாவில் ஆலை நல்லது செய்கிறது என்றோம். இந்த விழாவில் ஆலை எதுவுமே செய்யவில்லை என்கிறோம். இரண்டில் எது உண்மையானாலும் ஆலைக்கு இரண்டாவது உலை வைக்கத் தடையில்லை. நடுநிலை என்பது இதுதான்!"

அன்றைக்கு அப்பா வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "இன்னொரு உலை வந்தா வாய்க்கால்ல எவ்வளவு எறங்கும்? இந்தக் குடியிருப்புல எத்தனை பிள்ளைங்க இருக்கு? என் ஒருத்தியோட வயித்துக்காக நான் எல்லார் வயித்துலயும்…"

"உண்மையச் சொன்னா வேலை போயிடும். இந்த வீடும் போயிடும். எலையும் போயிடும்" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். அப்பா அங்கே யார் காலிலாவது விழுந்துவிடப் போகிறாரே என்று என்னையும் கூட அனுப்பினாள்.

பெரிய டாக்டர் அறையில் முத்திரை சாரும் இருந்தார். அப்பா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். துணியில் சுற்றியது, வாளி, கிள்ளு எல்லாம். "ஒப்பீட்டுப் புழு பசியில இளைச்சுதுங்க. ஈயத்தால ஒண்ணும் ஆகலேன்னு அர்த்தமில்ல. நான்தான் திருடினேன்."

பெரிய டாக்டர் நாற்காலியைக் காட்டினார். அப்பா அந்த அறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நீ திருடலப்பா."

"திருடினேங்க."

"நிதானமா கேளு. நீ திருடியிருந்தா ஆராய்ச்சி தப்பு. ஆராய்ச்சி தப்பா இருக்க முடியாது, ஏன்னா அது அச்சுக்குப் போயாச்சு. அப்ப நீ எப்படித் திருடியிருக்க முடியும்?"

"இவன் நாணயஸ்தன் ஐயா. எனக்குத் தெரியாதா? சுவத்துக்குச் சுவர் இருக்கேன்" என்றார் முத்திரை சார்.

நான் நாற்காலிக்கு முன்னால் வந்து சொல்லிவிட்டேன். "எங்கப்பா பொய் சொல்ல மாட்டார் சார்."

"அதைத்தானேம்மா நாங்களும் சொல்றோம்" என்றார் பெரிய டாக்டர், அன்பாக. எதையும் திருடவில்லை என்று அப்பாவிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். முத்திரை சார் அதில் இரண்டு முத்திரை குத்தினார். இனிமேல் திருடியது வெளியே தெரிந்தால், திருடியதற்காக இல்லை, பொய் எழுதிக் கொடுத்ததற்காக வேலை போகும்.

கிளம்பும்போது பெரிய டாக்டர் கூப்பிட்டார். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். வேறுபாடே இல்லேன்னு ஆனப்புறம் ரெண்டு கூட்டம் எதுக்கு? மலை வண்டிய நிறுத்தச் சொல்லியாச்சு. இனிமே எல்லாப் புழுவுக்கும் நம்ம வயல் இலையே போடு. உனக்கும் வேலை மிச்சம்."

அப்பா, "சரிங்க ஐயா" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

வீட்டில் நனைந்த துணிக்குள் கடைசியாக ஒரு பிடி இலை இருந்தது. அம்மா அதை வேகவைத்துப் பூசணிக்கு வைத்தாள். பூசணி தின்றாள். ஒன்றையும் தள்ளவில்லை, மூலைக்கும் போகவில்லை. தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, இன்னும்."

அம்மா சட்டியைச் சாய்த்து, வெந்த தண்ணீரையும் விடாமல் தட்டில் ஊற்றினாள். பூசணி அதையும் குடித்தாள்.

"இன்னும் பசிக்குதும்மா!"

இந்த ஒரு வார்த்தையைக் கேட்க அம்மா வேண்டாத தெய்வம் இல்லை. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பூசணி சிரித்துக்கொண்டே கையால் தட்டைத் தட்ட ஆரம்பித்தாள். அம்மா எழுந்து போய், கடை முட்டைக்கோஸில் ஒன்றை எடுத்துக் கழுவினாள். திரும்பத் திரும்பக் கழுவினாள். அப்புறம் கத்தியை எடுத்து வெட்டத் தொடங்கினாள்.